மருந்து நெல்

கோழிக்கூட்டைத் திறப்பதற்கு முன் முஸ்பிறா ஒரு கணம் நிற்பாள். விடியக்காலச் சுபஹுத் தொழுகை முடிந்து, தலையிலிருந்து முக்காட்டைக் கழற்றாமலே வளவுக்குள் இறங்கி வந்து, கொளுக்கியில் கையை வைத்துக்கொண்டு காதைக் கொடுப்பாள். உள்ளே ஒரு கொக்கரிப்போ இறகடிப்போ கேட்டால்தான் கொளுக்கி மேலே போகும். சத்தமில்லாத கூட்டை அவள் ஒரு தடவை திறந்திருக்கிறாள், கீரி புகுந்த அன்றைக்கு. அதற்குப் பிறகு ஐந்து வருடமாக இந்த நிற்றல்.

பயந்த மனுசி என்றுதான் மருதமுனையில் அவளுக்குப் பெயர். கடல் ஊருக்குள் வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. ஓடித் தப்பினாள். அதிலிருந்து மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தால் பயம், தெருவில் நாலு பேர் ஒன்றாக ஓடினால் பயம், டோஹாவிலிருக்கும் மகள் அம்ஹா நேரம் தப்பி அழைத்தால் பயம். அம்ஹாவும் தாய்க்குத் தப்பாத பிள்ளைதான். "உம்மா, கோழியால மனிசருக்குக் காய்ச்சல் தொத்துதாமே, கையக் கழுவுறீங்களா?" என்று அங்கிருந்து கேட்பாள். "உனக்கு அங்க வெக்கையில மயக்கம் கியக்கம் வந்திச்சா?" என்று இவள் இங்கிருந்து கேட்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகப் பயப்படுத்திவிட்டுத்தான் போனை வைப்பார்கள்.

வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதியாயிற்று. மகளும் மருமகனும் டோஹாவில் இருப்பதால் முன்வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடந்தாலும் அது மகளின் வீடு. பின்வளவில் போட்ட இரண்டு அறைகளில் முஸ்பிறாவும் புருஷன் மீராமுகைதீனும் இருக்கிறார்கள். மீராமுகைதீன் சின்ன லொறி ஓட்டுகிறவர். மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன் கட்டுகளைக் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஏற்றிப் போவார், திரும்பி வரும்போது கிடைத்த சாமானை ஏற்றி வருவார்.

கோழி வளர்க்கத் தொடங்கியது அம்ஹா விமானம் ஏறிய மாதம். முதலில் இரண்டு ஊர்க்கோழி. பிறகு பண்ணையொன்றில் முட்டை குறைந்துவிட்டதென்று கழித்துவிட்ட மூன்று சிவப்புக் கோழிகள். அவற்றுக்கு நடக்கவே தெரியாது. கூண்டுக்குள்ளே நின்றே வளர்ந்தவை. மண்ணில் இறக்கிவிட்டபோது காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றன. மண்ணுக்குள் கிளறினால் தின்ன ஏதாவது வரும் என்பதை அவற்றுக்குப் பழக்க முஸ்பிறா தானே குந்தியிருந்து ஈர்க்கினால் கிளறிக் காட்டினாள். இப்போது பதினொரு பெட்டை, ஒரு சேவல். கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்தி, கறுப்பி, புள்ளிச்சி, சிவப்புப் பண்ணைக்காரிகள் மூன்று, வெள்ளைக்காரி, பெயர் வைக்காத நாலு.

எந்த முட்டை எந்தக் கோழியுடையதென்று அவளுக்குத் தெரியும். கறுப்பியின் முட்டை சின்னது, ஒரு பக்கம் கூர்ந்தது. மொட்டைக்கழுத்தியின் முட்டை தேத்தண்ணியில் பால் கூடிய நிறம். பண்ணைக்காரிகளுடையது பெரிய சிவப்பு முட்டை. அதைப் பொரிக்கவும் அவிக்கவும் யாரும் வாங்குவார்கள். கறுப்பியினதும் மொட்டைக்கழுத்தியினதும் வேறு. அவை ஊர் முட்டை. பிள்ளை பெற்றவளுக்கும் பெரியபிள்ளையானவளுக்கும் என்று தனியாக எடுத்து வைப்பாள். பெரியபிள்ளையான பெண்ணுக்கு விடிந்ததும் வெறும் வயிற்றில் ஊர் முட்டை கொடுப்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முட்டையின் தலையை மெல்லத் தட்டித் திறந்து பச்சையாக ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். பிறகு அதே கோதுக்குள் நல்லெண்ணெய் ஊற்றி அதையும் குடிக்க வேண்டும். குடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் நமக்குக் குமட்டும்.

இரண்டு வீடு தள்ளியிருக்கும் உம்முவின் மகள் அஸ்னா அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியபிள்ளையானாள். பன்னிரண்டு வயது. தகப்பன் அக்ரமும் டோஹாவில். தண்ணி வார்க்கும் நாள் வரும்வரை பிள்ளை அறையை விட்டு வெளியே போகக்கூடாது. திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஒரு ஊர் முட்டை அந்த வீட்டுக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை பகல் மீராமுகைதீன் லொறியிலிருந்து அரை மூட்டை நெல்லையும் ஒரு கிழிந்த பையையும் இறக்கினார். பெரிய வயல்காரர் அச்சிமுகம்மது போடியாரின் விதைநெல்லை அக்கரைப்பற்றிலிருந்து வயலுக்கு ஏற்றிப் போனபோது ஒரு பை கிழிந்து லொறிக்குள் சிந்திவிட்டதாம்.

"போடியார் கூட்டி எடுக்கச் சொன்ன. மருந்து நெல்லாம். 'கவனம் மீரா, கவனம்' எண்டு ரெண்டு தரம் சொன்ன. பெறுமதியான சாமான் போல" என்றார்.

முஸ்பிறா கை நிறைய அள்ளிப் பார்த்தாள். உமி சிவந்த நிறமாக இருந்தது. அவர்கள் நெசவூர்க்காரர்கள். நூலில் எந்தச் சாயம் கழுவினால் போகும், எது போகாது என்று தொட்டே சொல்வார்கள். நெல்லைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது சோறு மட்டும்தான். சீனி வருத்தக்காரருக்கு நல்லதென்று பழைய இனச் சிவப்பு நெல்லை இப்போது ஆட்கள் தேடித் தேடி வாங்குவதை அவள் கேள்விப்பட்டிருந்தாள். அதைத்தான் மருந்து நெல் என்கிறார்கள் என்று நினைத்தாள். அவள் தகப்பன் சீனி வருத்தத்தில் காலை இழந்து செத்தவர்.

"மனிசருக்கு நல்லம் எண்டா கோழிக்கும் நல்லம்தானே" என்று அன்று பின்னேரம் முதல் கை அள்ளிப் போட்டாள். புதன், வியாழன், இரண்டு நாளும் போட்டாள். கழுத்துக்குக் கீழே இரை புடைத்து நிற்க அவை திரிவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. வியாழன் காலை உம்முவிடம் முட்டையைக் கொடுக்கும்போது சும்மா கொடுக்கவில்லை.

"உம்மு, இது சும்மா முட்டையில்ல. மருந்து நெல் திண்ட கோழிட முட்டை. புள்ளைக்கு இடுப்புப் பலமா வரும், பாத்துக்க."

"உங்கட கோழி எங்களவிட நல்லாத் திங்குது ராத்தா" என்று உம்மு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையும் முட்டை போயிற்று. கறுப்பியின் முட்டை, கூட்டிலிருந்து எடுத்த சூட்டோடு. கொடுத்துவிட்டு வந்து வீட்டு வேலை முடித்து, பத்து மணிப் பிளேன்டீக்குக் குசினிக்குள் தண்ணீர் வைக்கும்போது வெளியே சேவல் ஒரு மாதிரி கத்தியது. எட்டிப் பார்த்தாள். பண்ணைக்காரிகளில் ஒன்று முருங்கை மரத்தடியில் காலை நீட்டிக் கிடந்தது. சொண்டிலிருந்து சளி வடிந்திருந்தது. இன்னொன்று குடிகாரனைப்போலத் தள்ளாடி நடந்து, சுவரில் முட்டி, அப்படியே குந்தியது.

நோய் என்றுதான் முதலில் நினைத்தாள். கழிச்சல் வந்தால் ஒரு கிழமைக்குள் கூடே காலியாகும். மற்றவற்றைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். சொண்டைத் திறந்தாள், கண்ணைப் பார்த்தாள், வாலின் கீழே பார்த்தாள். கழிச்சல் இல்லை. செத்த கோழியின் இரைப்பையைத் தொட்டபோது அது நெல் நிறைந்து கல்லைப்போல இருந்தது.

மீராமுகைதீன் ஜும்ஆத் தொழுகைக்குப் போடச் சேட்டொன்றை மினுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அச்சிமுகம்மது போடியாரின் அழைப்பு வந்தது, அடுத்த கிழமை இன்னொரு லோட் இருக்கிறதென்று. கை வேலையாக இருந்ததால் மீராமுகைதீன் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டு மேசையில் வைத்தார்.

"அண்டைக்குக் கூட்டின மருந்து நெல்ல எங்கடாப்பா கொட்டின? ஆத்துக்குள்ள கீத்துக்குள்ள கொட்டிப்போடாத, மீன் செத்துப்போகும்" என்றது போன்.

"கொட்டல்ல போடியார். வீட்டக் கொண்டந்து கோழிக்குப் போட்ட."

போன் மேசையில் அதிரக் கத்தியது.

"மீரா, உனக்கு விசரா? அது பூச்சிமருந்து பிரட்டின விதைநெல்லுடா! குருவி திண்டா சுருண்டு விழும்!"

"மருந்து நெல் எண்டுதானே நீங்க சொன்ன!"

"ஓம், மருந்து நெல்தான்! பின்ன என்ன, நான் கசாயம் கலந்து தந்த எண்டு நினைச்சியா? கவனம் எண்டும் ரெண்டு தரம் சொன்னதானே!"

"கவனம் எண்டா பத்திரமாக் கொண்டு போகச் சொல்ற எண்டு..."

"அல்லாஹ்! இவனக் கட்டி மேய்க்கிற மனிசிக்குத்தான் சுவர்க்கம்" என்று போடியார் வைத்துவிட்டார்.

சூடான மினுக்கி சேட்டின் மேலேயே இருந்தது. கருகும் மணம் வந்த பிறகுதான் மீராமுகைதீன் அதைத் தூக்கினார். முஸ்பிறா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோழி ஞாபகம் வரவில்லை. விரல்கள் தாமாக மடங்கின. புதன். வியாழன். இன்றைக்கு. மூன்று முட்டை. அவித்ததில்லை, பொரித்ததில்லை. பச்சையாக.

"அஸ்னா" என்றாள்.

மீராமுகைதீனுக்கு விளங்கிவிட்டது. போய்க் கதவைச் சாத்தினார்.

"இஞ்ச பார், கத்தாத. கோழி திண்டா கோழிக்குத்தான். முட்டைக்குள்ள எல்லாம் வராது."

"வராது எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

"வந்திருந்தா பிள்ளைக்கு இதுக்குள்ள என்னவும் நடந்திருக்கும்தானே? காலமை பாத்த நீ, நல்லாத்தானே இருந்திச்சி?"

"பண்ணைக்காரியும் காலமை நல்லாத்தான் இருந்த!"

அவர் கருகிய சேட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொன்னா என்ன நடக்கும் எண்டு தெரியுமா உனக்கு? பெரியபிள்ளையான பிள்ளைக்கு நஞ்சு குடுத்த எண்டு ஊரே கதைக்கும். அக்ரம் அங்கயிருந்து கிளம்பி வருவான். ரெண்டு நாள் பேசாம இரி புள்ள. ஒண்டும் நடக்கல்ல எண்டா ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்ல."

அவள் குந்திவிட்டாள். அவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. கறுப்பியை நினைத்துப் பார்த்தாள். கறுப்பி தெரிந்தெடுத்துத் தின்கிற கோழி. போட்ட தீனியை ஒரு கொத்துக் கொத்திவிட்டு மதில் ஏறிப் போய்ப் பூச்சி பொறுக்கும். பண்ணைக்காரிகள்தான் கண்டபடி விழுங்கும். ஆகவே கறுப்பி தின்றிருக்காது. மொட்டைக்கழுத்தியும் தின்றிருக்காது. இப்படி ஒவ்வொரு கோழியாக நெல்லிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு வந்தவளுக்குப் புதன்கிழமை பின்னேரம் ஞாபகம் வந்தது. கறுப்பிக்குத் தீனி கிடைக்கவில்லையே என்று அதைப் பிடித்து மடியில் வைத்து உள்ளங்கையிலிருந்து அவளே ஊட்டினாள்.

எழுந்தாள். கிழிந்த பையை எடுத்துச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் தெருக் கடப்பைத் திறந்தாள்.

"முஸ்பிறா!" என்று பின்னால் கூப்பிட்டார்.

இரண்டு வீடு தூரம். அதற்குள் அவள் மூன்று தடவை நின்றாள். ஒரு தடவை, பையை இன்னும் சின்னதாகச் சுருட்ட. ஒரு தடவை, திரும்பிப் போனால் என்ன என்று கால் கேட்டது. மூன்றாவது தடவை எதற்கென்று அவளுக்கே தெரியாது.

உம்மு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன ராத்தா, முகம் பேயறைஞ்ச மாதிரி இரிக்கி?"

"புள்ள எங்க?"

"உள்ளதான். எங்க போற அவ, இன்னும் தண்ணி வாக்கல்லையே."

முஸ்பிறா உள்ளே போனாள். சன்னல் ஓரத்துக் கட்டிலில் அஸ்னா வெள்ளைத் துணி போர்த்து ஒரு கதைப்புத்தகத்தோடு சாய்ந்திருந்தாள். அஞ்சு நாளாக அறைக்குள்ளே இருந்து அலுத்துப்போன பிள்ளை. முஸ்பிறாச் சாச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையிலிருந்த பையைக் கண்டதும் இன்னும் மலர்ந்தது. "எனக்கா சாச்சி? என்ன அது?"

முஸ்பிறா பையை நீட்டினாள். பையில் சிங்களத்திலும் இங்கிலீசிலும் அச்சடித்திருந்தது. அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். இங்கிலீசு மீடியத்தில் படிக்கிறவள். பிள்ளை பையை வாங்கி விரித்து, சின்ன எழுத்துகளில் விரலை ஓட்டி, பாடம் வாசிப்பதுபோலத் தமிழாக்கிக்கொண்டு போனாள்.

"விதைக்க மட்டும். நஞ்சு பூசப்பட்டது. மனுசருக்கோ... மிருகங்களுக்கோ... பறவைகளுக்கோ சாப்பாடாகக் குடுக்கக்கூடாது." நிமிர்ந்தாள். "இது என்ன சாச்சி?"

"அந்த நெல்லத்தான் மகள் கோழிக்குப் போட்ட" என்றாள் முஸ்பிறா. "நான் நல்ல நெல் எண்டு நினைச்சிட்டன். ஒரு கோழி செத்துட்டு."

பிள்ளை பையைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையைப் போர்வையில் துடைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டது:

"நான் அந்தக் கோழிட முட்டையயா குடிச்ச?"

வாசலில் சுளகு விழுந்தது. உம்மு உளுந்துக்கு மேலே மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். "என்னத்தக் குடுத்தீங்க என்ட புள்ளைக்கு? ராத்தா! என்னத்தக் குடுத்தீங்க?" முஸ்பிறாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். முஸ்பிறா உலுங்கினாள். அடித்தாலும் நல்லம் என்றிருந்தது.

"அடி, ஏசு, என்னவும் செய். முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"தண்ணி வாக்காத புள்ளைய எப்பிடி வெளிய எடுக்கிற?" என்று உம்மு கத்தினாள். கத்தியபடியே பிள்ளைக்கு மேலே இன்னொரு துணியைப் போர்த்தினாள். பாக்குவெட்டியைத் தேடி எடுத்து, வெளியே போகிற பிள்ளைக்கு இரும்பு துணை என்று கைக்குள் திணித்தாள். "இதப் புடி. விடாத. கீழ பாத்து நட."

எந்த ஆட்டோவைக் கூப்பிடுவது என்று யோசிக்குமுன் தெருவில் ஹோர்ன் அடித்தது. மீராமுகைதீன் லொறியைக் கடப்படியில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். கருகிய சேட்டையே போட்டிருந்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் முன்கதவைத் திறந்துவிட்டார்.

லொறி பிரதான வீதிக்கு ஏறிக் கல்முனைப் பக்கம் திரும்பியபோது பள்ளிவாசல்களில் ஜும்ஆ பயான் தொடங்கியிருந்தது. தாய்க்கும் கதவுக்கும் நடுவே பிள்ளை. பின்னால் பெட்டிக்குள் சாரன் கட்டுகளுக்கு நடுவே முஸ்பிறா. சின்னக் கண்ணாடியால் அவளுக்குப் பிள்ளையின் தலை மட்டும் தெரிந்தது. பாதை குலுக்கும்போதெல்லாம் அந்தத் தலை ஆடியது. குலுக்கலில் ஆடுகிறதா, தானாக ஆடுகிறதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலையில் தள்ளாடி நடந்த கோழியின் தலையும் இப்படித்தான் ஆடியது. யாசீன் ஓதத் தொடங்கினாள். பாதியில் மறந்துவிட்டது. மறுபடி தொடக்கத்திலிருந்து ஓதினாள். மறுபடி அதே இடத்தில் மறந்தது.

ஆஸ்பத்திரியில் கிருபாமலர் என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி. பாண்டிருப்புக்காரி, உரத்த குரல். பிள்ளையைக் கட்டிலில் ஏற்றி, போர்வையை விலக்கி, கைக்குள் இருந்ததைக் கண்டு நின்றாள்.

"இது என்னத்துக்குப் பிள்ளை? டொக்டரை வெட்டவா?"

பயத்திலும் அஸ்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உம்மாதான் தந்த மிஸ்ஸி."

"உம்மாக்கிட்டயே குடு. இஞ்ச நாங்க ஊசியே வைச்சிருக்கம், அதுவும் இரும்புதான்." உம்முவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்கட வீட்டிலயும் இதுதான் அம்மா. பயப்பிடாதீங்க. எத்தினை முட்டை? எப்பெப்ப குடிச்சவ?"

முஸ்பிறா சொன்னாள். நாள், நேரம், எந்தக் கோழி, அந்தக் கோழி எத்தனை கை தின்றது. மடியில் வைத்து ஊட்டியதையும் சொன்னாள். மிஸ்ஸி எழுதிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு விவரமா ஒருத்தரும் சொல்லமாட்டாங்க" என்றாள்.

டொக்டர் வந்தார். சின்ன வயது. பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் பிடித்தார், நாடி பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார். பையில் இருந்த மருந்தின் பெயரைப் போனில் கொழும்புக்கு ஒரு தடவை வாசித்தார். பிறகு எழுத்தெழுத்தாகச் சொன்னார். கதைத்து முடித்துவிட்டு, "பின்னேரம் வரைக்கும் இஞ்சயே இருக்கட்டும், பாப்பம்" என்றார். நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லவில்லை.

அறைக்கு வெளியே நடையோடையில் குந்த ஒரு வாங்கு. அதன் ஒரு நுனியில் உம்மு, மறு நுனியில் முஸ்பிறா. நடுவே பாக்குவெட்டி. மீராமுகைதீன் வெளியே லொறிக்குப் பக்கத்தில் நின்றார். ஜும்ஆ தவறிவிட்டது.

உம்முவின் போன் அடித்தது. அக்ரம். வெள்ளிக்கிழமை லீவு நாள், மகளைப் பார்க்க வீடியோவில் வருகிற நேரம். உம்மு எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை உம்மு போனைத் தூக்கி முஸ்பிறாவின் மடியில் போட்டாள்.

"நீங்களே சொல்லுங்க."

முஸ்பிறா பச்சையை அழுத்தினாள். அக்ரமின் முகம் வந்தது; பின்னால் இரும்புக் கட்டில்கள், கயிற்றில் காயும் உடுப்பு. முஸ்பிறா ராத்தாவைக் கண்டதும் அவன் முகம் மாறியது. பிறநாட்டில் இருக்கிறவனுக்கு எதிர்பாராத முகம் ஒன்று போனில் வந்தால் போதும், மிச்சத்தை அவனே நினைத்துக்கொள்வான். அம்ஹாவும் இப்படித்தான். ஆகவே முஸ்பிறா ஸலாம்கூடச் சொல்லாமல் தொடங்கினாள்.

"தம்பி, புள்ள உசிரோட இரிக்கா. அத முதல்ல கேளுங்க. உசிரோட, கதைச்சிக்கிட்டு இரிக்கா. நான்தான் பிழை விட்ட."

எல்லாவற்றையும் சொன்னாள். நெல், கோழி, முட்டை, பை. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தாள். உறையவில்லை, அவன் கண் இமைத்தது.

"டொக்டர் என்ன சொன்ன?" என்றான் கடைசியில்.

"பாப்பம் எண்டார்."

"போன வைக்காதீங்க ராத்தா" என்றான். "ஒண்டும் கதைக்க வேணா. வாங்கில வைச்சிருங்க. கட்டில் தெரியுற மாதிரித் திருப்பி வைங்க. போதும்."

வைத்தாள். அப்படியே இரண்டரை மணித்தியாலம் அந்த முகம் வாங்கில் சாய்ந்திருந்து கதவைப் பார்த்தது. ஒரு தடவை உள்ளே அஸ்னா இருமினாள். வாங்கிலிருந்த இரண்டு பேரும் எழும்பினார்கள். போனுக்குள் இருந்தவனும் எழும்பியது தெரிந்தது. "தண்ணி புரைக்கேறிட்டு, இரிங்க இரிங்க" என்று உள்ளேயிருந்து கிருபாமலர் சொன்னாள். மூன்று பேரும் இருந்தார்கள்.

பின்னேர அஸர் பாங்குக்குப் பிறகு டொக்டர் மறுபடி வந்து பார்த்தார். இன்னொரு தடவை கொழும்போடு கதைத்தார். முட்டைக்குள் வந்திருந்தாலும் மிகக் கொஞ்சம்தான் வந்திருக்கும், பிள்ளையிடம் நஞ்சின் குறி ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்றார். "ஆனா ரெண்டு மூண்டு நாளைக்குக் கவனம்" என்றார்.

"கவனம் எண்டா?" என்று முஸ்பிறா கேட்டாள். டொக்டர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அவள் விடவில்லை. "கவனம் எண்டா என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க டொக்டர். ஒவ்வொண்டாச் சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வாந்தி வந்தால், கை நடுங்கினால், நித்திரை கூடினால், வாயில் எச்சில் ஊறினால். அவள் விரல் மடித்துத் திருப்பிச் சொன்னாள்.

வெளியே வந்ததும் உம்மு கேட்டாள். "ஏன்கா ராத்தா வந்து சொன்னீங்க? சொல்லாட்டி எனக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது. இண்டைக்குப் பகல் நான் செத்து எழும்பினன்."

முஸ்பிறா பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "எனக்கும் பயம்தான் உம்மு" என்றாள். உம்மு பிள்ளையை லொறியில் ஏற்றினாள்.

மறுநாள் கால்நடை வைத்தியர் கந்தோருக்குப் போனாள். மூன்று கிழமைக்கு அந்த வளவு முட்டையைத் தின்னவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, மிஞ்சின நெல்லை ஆழமாகப் புதைக்கச் சொன்னார்கள். தள்ளாடிய பண்ணைக்காரியும் வெள்ளைக்காரியும் அன்றே செத்தன. நெல்லையும் கோழிகளையும் புதைத்தாள். வளவு மூலையில் இன்னொரு கிடங்கு வெட்டி, காலையில் எடுக்கிற முட்டைகளை அதற்குள் உடைத்து மண் போட்டாள். கறுப்பி எதுவும் நடக்காததுபோல இட்டது. அந்தக் கூரான சின்ன முட்டையை உடைக்கும்போதெல்லாம் மஞ்சள் கருவில் நிறம் ஏதும் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். மற்ற முட்டைகளின் மஞ்சள் போலத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயம்.

கிடங்கை மூடிவிட்டு ஒவ்வொரு நாளும் உம்முவின் வீட்டுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே போக முகம் இல்லை, போகாமல் இருக்கவும் ஏலவில்லை. முதல் நாள் நின்றுவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் நாள் சன்னல் திறந்தது.

"உசிரோடதான் இரிக்கன் சாச்சி!" என்று கத்தினாள் அஸ்னா.

"கத்தாதடி, ரோட்டுக்குக் கேக்கும்!" என்று உள்ளே உம்முவின் குரல்.

"கை நடுங்குதா மகள்?"

இரண்டு கையும் சன்னல் கம்பிக்கு வெளியே நீண்டன. பத்து விரலும் நேராக நின்றன. பிறகு பிள்ளை வேண்டுமென்றே விரல்களை ஆட்டியது, முஸ்பிறாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பகிடி சாச்சி, பகிடி!" என்றது.

இப்படி ஏழு நாள். தண்ணி வார்த்த அன்று உம்மு ஆளனுப்பிக் கூப்பிடவில்லை. முஸ்பிறாவும் போகவில்லை. வட்டிலப்பம் தட்டுகள் ஒவ்வொரு வீடாகப் போவதைக் கடப்புக்குள் நின்று பார்த்தாள். தன் கடப்புக்கு ஒன்றும் வரவில்லை.

அதற்கடுத்த காலை போனபோது சன்னல் சாத்தியிருந்தது.

நின்றாள். உள்ளே சத்தமில்லை. தெருவால் பால்காரன் போனான், அவனும் ஒன்றும் சொல்லவில்லை. "மகள்" என்று கூப்பிட்டாள். "அஸ்னா" என்றாள். சன்னல் பலகையில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. கடப்பின் கம்பியைப் பிடித்தாள். நித்திரை கூடினால் என்று டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. நித்திரை. கதவைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் ஓடினாள். வாசல் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

உம்மு திறந்தாள். தலை வாரியபடி, வாயில் கொண்டை ஊசி ஒன்றைக் கவ்விக்கொண்டு.

"புள்ள எங்க? புள்ள எங்க உம்மு?"

உம்மு ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "ஸ்கூலுக்குப் போயிட்டா. இண்டையிலிருந்துதானே போறா." முஸ்பிறாவின் செருப்பில்லாத காலைப் பார்த்தாள், கம்பி அழுத்திச் சிவந்திருந்த கையைப் பார்த்தாள். "இப்பதான் போனா. வழியில காணல்லையா?"

முஸ்பிறா இல்லையென்று தலையை ஆட்டினாள். நிலையைப் பிடிக்கப் போன கை நழுவியது. உம்மு பிடித்தாள், பிடித்த கையை உடனே விடவில்லை.

"இரிங்க ராத்தா" என்றாள். "சீனி போட்டு ஒரு தேத்தண்ணி தாறன். குடிச்சிட்டுப் போங்க."

முஸ்பிறா இருந்தாள். கோப்பை வந்தபோது அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை. உம்மு முன்னால் குந்தியிருந்து, கோப்பையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, "மெல்ல, சுடும்" என்றாள்.